தாத்தா பெயரில் பத்திரம், அப்பா பெயரில் பட்டா: வாரிசுகள் சேர்ந்து விற்க என்ன செய்ய வேண்டும்?

நஞ்செய்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், எங்கள் தாத்தா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் 1958-ஆம் ஆண்டு ஒரே கிரயப் பத்திரத்தின் மூலம் வாங்கிய நஞ்செய் நிலமும் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. ஊரில் இருப்பவர் இப்போது சின்னச் சித்தப்பா மட்டுமே. நடவுக்கு ஆள் கிடைக்காமல் நிலம் இரண்டு ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கிறது. வீட்டின் பின்கட்டு சென்ற மழையில் இறங்கிவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் விற்று, உரியவர்கள் உரியதை எடுத்துக்கொள்வது என்று குடும்பத்தில் பேசி முடித்திருக்கிறோம். வாங்குவதற்கு அதே ஊர்க்காரர் ஒருவர் முன்வந்துள்ளார்.

குடும்ப விவரம் இது. தாத்தா 1974-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். பாட்டி 1991-இல் காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் ஐவர்: என் அப்பா மூத்தவர், அடுத்து பெரிய அத்தை, நடுச் சித்தப்பா, சின்ன அத்தை, சின்னச் சித்தப்பா. நடுச் சித்தப்பா 2006-இல் இறந்தார். அவருக்குச் சித்தியும், ஒரு மகனும், ஒரு மகளும் உள்ளனர். சின்ன அத்தை இளம் வயதிலேயே கணவரை இழந்து, குழந்தைகளும் இல்லாமல், எங்கள் வீட்டிலேயே இருந்து 2012-இல் காலமானார். அப்பா 2019-இல் மறைந்தார். அம்மாவும் நானும் தங்கையும் இருக்கிறோம். பெரிய அத்தை சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது 76, பயணம் செய்யும் நிலையில் இல்லை.

சிக்கல்கள் நான்கு. முதலாவது, பட்டா அப்பா ஒருவர் பெயரில் மட்டுமே இருக்கிறது. இரண்டாவது, பெரிய அத்தைக்கு 1971-இலேயே திருமணம் ஆகிவிட்டதால் அவருக்குச் சட்டப்படி பங்கு இல்லை என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். மூன்றாவது, சின்ன அத்தையின் கணவருடைய அண்ணன் மகன் வந்து, தன் சிற்றன்னையின் பங்கு தங்கள் குடும்பத்துக்கு வர வேண்டும் என்கிறார். நான்காவது, வாங்குபவரிடம் சின்னச் சித்தப்பா இரண்டு இலட்சம் ரூபாய் ரொக்கமாக முன்பணம் வாங்கி, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தாம் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வருவாய்த்துறை_ஓய்வு

பட்டாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் குடும்பத்தைத் தவறான பாதையில் இழுத்துச் செல்லக்கூடியது அதுதான். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது, நிலத்தில் நின்றவர், தீர்வை கட்டியவர், குடும்பத்தில் மூத்தவர் என்று கண்ணுக்குத் தெரிந்தவரின் பெயர் பட்டாவில் ஏறிய இடங்கள் ஏராளம். உங்கள் தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டதால், மூத்த மகனான உங்கள் அப்பாவின் பெயர் ஏறியிருக்கிறது. பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. அது உரிமை மூலம் ஆகாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உரிமை 1958 பத்திரத்தில் தொடங்கி, ஒவ்வொரு மரணத்தின்போதும் வாரிசுகளுக்கு இறங்கி வந்திருக்கிறது.

நான் பணியில் இருந்த காலத்தில் அடிக்கடி பார்த்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பட்டா அப்பா பெயரில் இருப்பதால், அப்பாவின் இறப்புச் சான்றையும் அவருடைய வாரிசுச் சான்றிதழையும் மட்டும் இணைத்து இ-சேவை மையத்தில் மனுப்போட்டால், பட்டா உங்கள் அம்மா, நீங்கள், தங்கை ஆகிய மூவர் பெயருக்குச் சுலபமாக மாறிவிடும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அதற்கு மேல் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். அதை வைத்து மூவராக விற்கவும் முயலலாம். ஆனால் வாங்கியவருக்கு உங்கள் மூவரின் பங்குதான் போய்ச் சேரும், மற்றவர்களின் பங்கு அப்படியே நிற்கும். அந்த எளிய வழியில் கால் வைக்காதீர்கள்.

முறையான வழி என்னவென்றால், தாத்தா, பாட்டி, நடுச் சித்தப்பா, சின்ன அத்தை, அப்பா ஆகிய ஐவருக்கும் தனித்தனியே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றிதழும் சேகரித்து, 1958 பத்திரத்தின் நகலுடன், எல்லாருடைய ஒப்புதலையும் எழுத்தில் இணைத்துக் கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்வதுதான். தாத்தாவின் இறப்பு பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராமங்களின் பழைய இறப்புப் பதிவேடுகளை வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் தேடிப் பார்க்க வேண்டும். எங்குமே பதிவாகவில்லை என்றால், ஓராண்டு கடந்த இறப்பு என்பதால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற்றுத்தான் இப்போது பதிய முடியும். சின்ன அத்தைக்குப் பிள்ளைகள் இல்லாததால் அவருடைய வாரிசுச் சான்றிதழ் விசாரணை மற்றவற்றைவிட நீளும். அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

காவிரிக்கரை

பெரிய அத்தையின் விஷயத்தில் உங்கள் உறவினர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தின்படி 25.3.1989-க்கு முன் திருமணமான பெண்களுக்குப் பங்கு கிடையாது. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் என் சகோதரிகளை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினை செய்தோம்.

வழக்கறிஞர்_மதுரை

காவிரிக்கரை ஐயா சொன்னது ஊரெங்கும் உலவும் கருத்து. இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது. 1989 திருத்தம் பேசுவது, பிறப்பினாலேயே உரிமை வரும் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றி மட்டுமே. அதிலும் 9.9.2005 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தமும், அதற்கு 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கமும் வந்த பிறகு, திருமணம் ஆன தேதியைக் காட்டி மகளை ஒதுக்க முடியாது, 20.12.2004-க்கு முன் பதிவுபெற்ற பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ முடிந்துபோன பாகப்பிரிவினைகள்தான் விலக்கு. ஐயாவின் குடும்பப் பாகப்பிரிவினை எந்த ஆண்டில், எத்தகைய சொத்துக்கு நடந்தது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே சொத்து தாத்தாவின் தனிச் சம்பாத்தியம். அப்படிப்பட்ட சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நடப்புக்கு வந்த 17.6.1956 முதலே மகனும் மகளும் சமம். மகளுக்கு எப்போது திருமணம் ஆனது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இனி ஒவ்வொரு மரணமாகக் கணக்கிடுவோம். 1974-இல் தாத்தா இறந்தபோது முதல் வகுப்பு வாரிசுகள் அறுவர்: பாட்டி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ஆளுக்கு ஆறில் ஒன்று. 1991-இல் பாட்டி இறந்தபோது அவருடைய ஆறில் ஒரு பங்கு ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு முப்பதில் ஒன்றாக இறங்கியது. இரண்டையும் கூட்டினால் ஐவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 2006-இல் நடுச் சித்தப்பா இறந்ததும் அவருடைய ஐந்தில் ஒன்று சித்திக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகச் சேர்ந்தது.

2012-இல் சின்ன அத்தை இறந்ததுதான் இந்தக் குடும்பத்தின் முடிச்சு. பிள்ளையும் கணவரும் இல்லாத இந்துப் பெண் தாமே சம்பாதித்த சொத்து, பொது விதிப்படி கணவர் வழி வாரிசுகளுக்குத்தான் போகும். கணவர் அல்லது மாமனாரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தும் அப்படியே. அத்தையுடைய கணவரின் அண்ணன் மகன் கேட்பது இந்த எண்ணத்தில்தான். அவர் கெட்ட நோக்கத்தில் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்குச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தனி வழி வகுத்திருக்கிறது. பிள்ளைகளோ, முன்பே இறந்த பிள்ளைகளின் பிள்ளைகளோ இல்லாவிட்டால், அச்சொத்து அந்தப் பெண்ணின் தந்தையுடைய வாரிசுகளுக்குத் திரும்பும். அவள் இறந்த நாளில் தந்தையே இறந்ததாக வைத்துக்கொண்டு வாரிசுகளைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2012-இல் தாத்தாவுக்கு நான்கு கிளைகள்: உங்கள் அப்பா, பெரிய அத்தை, சின்னச் சித்தப்பா, முன்பே இறந்த நடுச் சித்தப்பாவின் குடும்பம். சின்ன அத்தையின் ஐந்தில் ஒரு பங்கு இந்த நான்கு கிளைகளுக்கும் கிளைக்கு இருபதில் ஒன்றாகப் பிரிந்தது. ஐந்தில் ஒன்றும் இருபதில் ஒன்றும் சேர்ந்தால் நான்கில் ஒன்று.

2019-இல் உங்கள் அப்பாவின் நான்கில் ஒன்று உங்கள் மூவருக்கும் இறங்கியது. ஆக இன்றைய நிலையில் சொத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், பெரிய அத்தைக்கு மூன்று, சின்னச் சித்தப்பாவுக்கு மூன்று, சித்திக்கும் அவருடைய மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு ஒன்று, உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஒன்று. எட்டுப் பேர். எட்டுப் பேரும் கையெழுத்திட்டால்தான் முழுச் சொத்தும் வாங்குபவருக்குப் போகும்.

இந்தக் கணக்கு, தாத்தா எந்த எழுத்தும் எழுதாமல் இறந்தார் என்ற அடிப்படையில் நிற்கிறது. சின்ன அத்தைக்குத் தாத்தா உயிருடன் இருந்தபோதே தானசெட்டில்மென்ட் (கொடைப் பத்திரம்) ஏதேனும் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பகுதி அவருக்கு வாரிசாக வந்தது ஆகாது, கணக்கு மாறிவிடும். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை 1958 முதல் இன்று வரை எடுத்து, இடையில் எந்தப் பதிவும் இல்லை என்பதை உறுதி செய்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியே தேடுதல் மனுக் கொடுக்க வேண்டும்.

மூத்தமகள்

எனக்குச் சட்டம் தெரியாது. ஒரு வேண்டுகோளோடு மட்டும் வருகிறேன். எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வீட்டு வரியில் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி என்னையும் என் தங்கையையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம், பெருவிரல் ரேகை வைத்தோம். விரலில் ஒட்டிய மையை அலுவலகத்துச் சுவரில் துடைக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, என் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டது இன்றும் நினைவில் இருக்கிறது. அது எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது ஆறு ஆண்டுகள் கழித்து, வீடு கைமாறியபோதுதான் தெரிந்தது.

கேட்டிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். அண்ணன்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்கு என்னைவிடக் கூடுதல் உரிமை உண்டு என்று நானே சொல்லியிருப்பேன். என் பங்கு இவ்வளவு என்று ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் இன்று வரை ஆறாமல் இருக்கிறது. ஆகையால் தம்பி, பெரிய அத்தையால் வர முடியாததால், அவர் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திட அவரிடம் அதிகாரப் பத்திரம் கேட்பதற்கு முன்பு, பன்னிரண்டில் மூன்று பங்கு அவருடையது என்பதையும், பேசியிருக்கும் விலையில் அது எத்தனை ரூபாய் என்பதையும் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். சித்தியிடமும் அப்படியே. அதன் பிறகு அவர்கள் வாங்கிக்கொள்வதும் விட்டுக்கொடுப்பதும் அவர்கள் விருப்பம்.

பத்திரஎழுத்தர்_திருச்சி

சகோதரி எழுதியதைப் படித்தபின் பத்திர நுணுக்கம் பேசத் தயக்கமாக இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவர் சொன்னது முழுக்க உண்மை. எழுதியதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டாமல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முழுச் சொத்தையும் ஒரே ஆளுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ தேவையில்லை. எட்டுப் பேரும் விற்பவர்களாகச் சேர்ந்து ஒரே கிரயப் பத்திரம் எழுதலாம். பலர், முதலில் ஒருவர் பெயருக்கு எல்லாவற்றையும் விடுதலை செய்து, பிறகு அவர் விற்றால் வேலை எளிது என்று நினைக்கிறார்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். அது வீண் செலவு என்பதைவிட, பெரிய ஆபத்து வேறொன்று இருக்கிறது: விடுதலை எழுதிய நாளோடு மற்றவர்களுக்குச் சொத்தின் மேல் பிடி போய்விடும், விற்பவர் பணத்தைப் பிரித்துக் கொடுப்பார் என்ற வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். எட்டுப் பேரும் நேரே விற்றால், யாருக்கு எவ்வளவு, எந்த வங்கி வரைவோலை எண் என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம். விற்பனைக்கான 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் வழக்கப்படி வாங்குபவர் பொறுப்பு.

அடுத்து, உங்கள் 1958 பத்திரத்தை ஒரு நாள் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அந்தக் காலத்துத் தஞ்சைப் பத்திரங்களில் பரப்பு வேலி, மா, குழிக் கணக்கில்தான் இருக்கும்; பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். சர்வே எண்ணும் யுடிஆரில் மாறி உட்பிரிவு ஆகியிருக்கலாம். நூறு குழி ஒரு மா. ஒரு குழி 144 சதுர அடி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விலை பேசிவிட்டால் பத்திரம் எழுதும் நாளில் சண்டை வரும். தாத்தாவின் பெயர் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, இறப்புச் சான்றில் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இரண்டும் ஒருவரே என்ற சான்றுக்கு இப்போதே மனுக் கொடுங்கள். மூலப் பத்திரம் அசலாக உங்கள் கையில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வாங்க வேண்டும், அதற்கும் காலம் பிடிக்கும்.

சித்தப்பா கொடுத்த இருபது ரூபாய்த் தாளை மட்டும் இப்படியே விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும். எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் போட்ட கையெழுத்து மற்ற ஏழு பேரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், நாளைக்கு விலையில் பிணக்கு வந்தால் அந்தத் தாளோடு ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு வரும்.

நஞ்செய்க்காரன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பத்திரம் அசலாகவே இருக்கிறது. அம்மாவின் இரும்புப் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். நிலத்தின் பரப்பு "இரண்டு மா" என்றும், எல்லை "வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்கு மேற்கு" என்றும் எழுதியிருக்கிறது. இரண்டு மா என்றால் 66 சென்ட் வருகிறது; பட்டாவில் 0.25.00 ஹெக்டேர், அதாவது 62 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நான்கு சென்ட் எங்கே போயிற்று என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். அத்தை சிங்கப்பூரிலிருந்தே அதிகாரப் பத்திரம் அனுப்புவது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா? அவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டில்தான் இருக்கிறார்.

சிங்கைவாசி

என் தாயாருக்காக இதே வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். அதிகாரப் பத்திரத்தின் வாசகத்தை ஊரில் உள்ள பத்திர எழுத்தரே தயாரித்து அனுப்பட்டும். சர்வே எண், பரப்பு, எல்லை, எந்தப் பங்கு, என்ன அதிகாரம் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அதை இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் முன்பதிவு செய்துகொண்டு நேரில் சென்று, அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். அசல் ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். அஞ்சல் உறையைத் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள், வந்த நாளுக்கு அதுதான் ஆதாரம். கிரயம் பதியும் நாளில், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு முப்பது நாட்களுக்குள் பெற்ற ஆயுள் சான்றும் வேண்டும். எங்கள் வேலை அந்தச் சான்று இல்லாமல் ஒருமுறை நின்றுபோய், பதிவு நாளையே தள்ளி வைக்க நேர்ந்தது. அதிகாரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை அத்தையே முடிவு செய்யட்டும். விற்கும் அதிகாரம் கொடுத்தாலும், பணம் தம் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள்.

கணக்காளர்_கோவை

வரி விஷயத்தை வாங்குபவரும் விற்பவரும் கடைசி நாளில்தான் நினைக்கிறார்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிலத்தின் விலையையும் வீட்டின் விலையையும் பத்திரத்தில் தனித்தனியே காட்டுங்கள். நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தாகவே கருதப்படாது. அதன் விற்பனைக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அந்தத் தூரம், அந்த நகராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர்.

வீட்டுக்கு வரி உண்டு. வாரிசாக வந்த சொத்துக்குத் தாத்தா வாங்கிய விலையே உங்கள் அடக்க விலை. 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். இந்தியாவில் குடியிருக்கும் ஏழு பேரும் பணவீக்கச் சரிக்கட்டல் (அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுதல்) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலுடன் 20 சதவீதம் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஒவ்வொருவரும் தம் பங்குக்குத் தாமே கணக்குக் காட்ட வேண்டும். அத்தை வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவருக்கு 12.5 சதவீத வழி மட்டுமே. வீட்டில் அவருடைய பங்குக்கான தொகையிலிருந்து, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வாங்குபவர் வரியைப் பிடித்துக் கட்டியாக வேண்டும். உண்மையான ஆதாயம் குறைவாக இருந்தால், குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். பணம் அத்தையின் என்ஆர்ஓ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்குக்கு வர வேண்டும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் பத்து இலட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப வழி உண்டு.

சித்தப்பா வாங்கிய இரண்டு இலட்சம் ரொக்கம் எனக்குக் கவலை தருகிறது. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். அவர் அறியாமல் செய்தது என்பது புரிகிறது. ஆனாலும் ஒரு வழக்கறிஞரையோ கணக்காளரையோ கலந்து, அதை எப்படிச் சீர் செய்வது என்று உடனே பாருங்கள்.

கரிசல்மண்

இடையில் ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். எங்கள் சொத்தும் அப்பா தனியே வாங்கியதுதான். அம்மா முன்பே இறந்துவிட்டார்; அப்பாவும் உயில் எழுதாமல் மறைந்தார். அதன் பிறகு தம்பி இறந்துவிட்டான், அவன் மகனுக்குப் பதினொரு வயது. தம்பி மனைவி தாயார் என்ற முறையில் பையனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தரகர் சொல்கிறார். சரிதானா?

வழக்கறிஞர்_மதுரை

போதாது. தந்தையிடமிருந்து வாரிசாக வந்த அந்தப் பங்கு பையனின் சொத்து. இயற்கைக் காப்பாளரான தாயார்கூட, நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை விற்க முடியாது. மீறி விற்றால், பையன் பதினெட்டு வயது நிறைந்த பின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை நீக்கிக்கொள்ளலாம். மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். விற்பனை பையனின் நன்மைக்கு என்று காட்டி, அவனுடைய பங்குத் தொகையை அவன் பெயரில் வைப்பு நிதியாகப் போடுவதாகச் சொன்னால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும்.

நஞ்செய்க்காரன்

ஏழு மாதங்களுக்குப் பிறகு நடந்ததைத் தெரிவிக்க வந்திருக்கிறேன். தாத்தாவின் இறப்பு 1974 பதிவேட்டில் இருந்தது. பெயரின் முன்னெழுத்து மட்டும் விடுபட்டிருந்ததால் ஒருவரே என்ற சான்று வாங்கினோம். சின்ன அத்தையின் வாரிசுச் சான்றிதழுக்கு மூன்று முறை விசாரணை நடந்தது. அவருடைய கணவரின் அண்ணன் மகனையும் நான் நேரில் சந்தித்து, வழக்கறிஞர் ஐயா எழுதிய கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் தம் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வந்து, ஆட்சேபம் இல்லை என்று வட்டாட்சியர் முன்னிலையில் எழுதிக் கொடுத்தார். கூட்டுப் பட்டா மனு முதல் முறை தள்ளுபடியானது. பட்டா அப்பா பெயரில் இருக்க, மற்றவர்களின் பெயரைச் சேர்க்க ஆதாரம் இல்லை என்றார்கள். மூலப் பத்திரத்தையும் எட்டுப் பேரின் ஒப்புதலையும் இணைத்து மேல்முறையீடு செய்த பிறகு, எட்டுப் பெயர்களோடு பட்டா வந்தது.

நில அளவர் வந்து அளந்தபோது நான்கு சென்ட் கிடைத்துவிட்டது. வாய்க்கால் கரையை அகலப்படுத்தியதில் பத்திரப் பரப்பின் வடக்கு ஓரம் எப்போதோ கரைக்குள் போயிருக்கிறது. அளந்து வந்த 62 சென்ட்டுக்கே விலை பேசி எழுதினோம். சித்தப்பா முன்பணத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து, பழைய தாளில் ரத்து எழுதி வாங்கி, எட்டுப் பேரும் சேர்ந்து புதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். ரொக்கமாக வாங்கியதற்கு என்ன பதில் சொல்வது என்பதை ஒரு கணக்காளர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூத்தமகள் அக்கா சொன்னபடி, அதிகாரப் பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன் காணொளி அழைப்பில் அத்தையிடம் பங்கைச் சொன்னேன். நான்கில் ஒன்று என்றதும், "சின்னவள் பங்கும் இதில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருபதில் ஒன்று அவரிடமிருந்து வந்தது என்றேன். அந்த இருபதில் ஒன்றுக்கான தொகையை, சின்ன அத்தையைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட என் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றும், மற்றதைத் தாம் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். தொகை முழுவதும் அவருடைய கணக்குக்கே போகும்; அதன் பிறகு அவராகவே அனுப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிவு நாள் குறித்தாயிற்று. அத்தையின் ஆயுள் சான்று அடுத்த வாரம் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.